பரவாயில்லைக்கு மூன்று மதிப்பெண்

புதிதாக வங்கி மேலாளர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. இப்போது என்னை அளப்பதற்கு ஒரே ஓர் அதிகாரிதான். அவரும் சமையலறையில் இருந்தபடியே அளந்துவிடுகிறார், படிவம் எதுவும் கேட்பதில்லை. உங்களுக்கு அந்த வசதி இல்லை. காலையில் கைப்பேசியைத் திறந்தால் டெபாசிட் எவ்வளவு, கடன் எவ்வளவு என்று வருவது போதாதென்று, வாடிக்கையாளர் எத்தனை நிமிடம் நின்றார், ஊழியர் சிரித்தாரா, வந்தவர் மனம் எந்த அளவுக்கு நிறைந்தது என்றும் வருகிறதாமே. லாபத்தை மட்டும் வைத்து ஒரு கிளையை எடைபோடக் கூடாது என்பது நல்ல யோசனைதான். கூட்டத்துக்குக் கூட்டம் நானும் எழுந்து நின்று அதைத்தான் கத்தினேன். கத்தியது காதில் விழுந்து தலைமை அலுவலகத்தார் ஒருநாள் நிஜமாகவே அளக்க வந்தபோது, முதலில் மாட்டியவன் நான்.

கீரமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கிளையில் அப்போது நான் மேலாளர். சுற்றிலும் பூந்தோட்டமும் பலாத்தோப்பும். காலையில் மார்க்கெட்டில் மல்லிகையை இறக்கிவிட்டு, அந்த வாசனையோடு நேராக வங்கிக்கு வருவார்கள். வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில். கிளையின் லாபக் கணக்கில் குறை சொல்ல எதுவும் கிடையாது. அதனால் நான் சற்று மிதப்பாகவே இருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்போதுதான் மஞ்சள் அட்டைகள் வந்தன. ‘எங்கள் சேவை எப்படி?’ என்று கேள்வி. கீழே ஐந்து கட்டங்கள்: மிக நன்று, நன்று, பரவாயில்லை, மோசம், மிக மோசம். முதல் கட்டத்துக்கு ஐந்து மதிப்பெண், அப்படியே ஒவ்வொன்றாக இறங்கிக் கடைசிக் கட்டத்துக்கு ஒன்று. அதற்கும் கீழே, கருத்து எழுத இரண்டு கோடு, பெயரும் போன் எண்ணும் எழுத ஓர் ஓரம். வாடிக்கையாளர் டிக் போட்டு, பூட்டிய பெட்டிக்குள் போட வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெட்டி மண்டல அலுவலகம் போகும். அங்கே திறந்து சராசரி பார்ப்பார்கள்.

முதல் பெட்டி போனது. அடுத்த வாரம் மண்டல அதிகாரியிடமிருந்து போன். இந்த மனிதர் என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர். நான் ஜோக் அடித்துக்கொண்டிருந்த நேரத்தில் அவர் பரீட்சை எழுதி மூன்று படி மேலே போய்விட்டார். அதனால் அவர் எனக்கு ‘சார்’, நான் அவருக்கு ‘யோவ்’.

“யோவ், என்னய்யா பண்ணி வச்சிருக்க அங்க? பெட்டியத் தொறந்தா பூராம் பரவாயில்ல, பரவாயில்ல, பரவாயில்ல. ஒரு பெட்டி பரவாயில்லய வச்சிக்கிட்டு நான் என்ன செய்ய?”

“சார், எங்க ஊர்ல பரவாயில்லைன்னா...”

“அஞ்சுக்கு மூணு. அவ்வளவுதான். மண்டலத்துலயே கடைசி. மூணரைக்குக் கீழ போனா என்ன ஆகும்னு சர்க்குலர் படிச்சியா?”

படிக்கவில்லை. அவர் போனை வைத்த பிறகுதான் தேடிப் பிடித்துப் படித்தேன். தொடர்ந்து இரண்டு முறை மூன்றரைக்குக் கீழே போகும் சின்னக் கிளைகளைப் பக்கத்து நகரக் கிளையோடு சேர்த்துவிடுவார்களாம். பழைய இடத்தில் வாரம் இரண்டு நாள் மட்டும் ஒரு கவுன்டர் திறந்திருக்கும். எங்களுக்கு அந்தப் பக்கத்து நகரம் பதினெட்டு கிலோமீட்டர், இரண்டு பஸ். பூ வியாபாரி ஒரு கையெழுத்துக்காக அங்கே போய்த் திரும்பினால் அவருடைய ஒரு நாள் போச்சு.

எனக்குப் பதற்றம் வந்தால் மூளைக்குப் போக வேண்டிய ரத்தம் முழுக்கக் கைகால்களுக்குப் போய்விடும். உடனே எதையாவது செய்தாக வேண்டும். வாசலில் ‘நல்வரவு’ மிதியடி போட்டேன். மூலையில் மோர்ப் பானை வைத்தேன். அதோடு விட்டிருக்கலாம். காசாளர் செல்வராணியிடம் போய், “மேடம், இனிமே கொஞ்சம் சிரிச்ச மொகமா இருங்க,” என்று சொன்னேன்.

“சிரிச்சா எனக்கு எண்ணிக்கை விட்டுப்போயிரும் சார்.”

“முயற்சி பண்ணுங்க மேடம். கிளையோட எதிர்காலமே ஒங்க ஒதட்டுலதான் இருக்கு.”

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். ஆனாலும் நல்ல மனுஷி, மறுநாள் காலையிலிருந்து வருகிறவர்களை எல்லாம் பார்த்துச் சிரித்தார். முதலில் வந்த அம்மாள் பாஸ்புத்தகத்தை நீட்டிய கையைப் பாதியில் நிறுத்திவிட்டார்.

“என்னங்க மேடம், ட்ரான்ஸ்பராகிப் போறீங்களா?”

இரண்டாவது ஆள் மோரைக் குடித்துவிட்டுச் சந்தேகத்தோடு வெளியே போனார். பதினொரு மணிக்கு வாசலில் கூட்டம் கூடிவிட்டது. “பேங்கு இங்கிட்டிருந்து போகப் போகுதாம்ல? அதான் இம்புட்டு மரியாதையா?” என்று ஒரே கேள்வி. வீட்டுக்காரியிடம்கூடச் சொல்லாத ரகசியத்தை ஊர் என் மோர்ப் பானையிலிருந்து கண்டுபிடித்துவிட்டது. பானையை உள்ளே தூக்கிப் போனேன். சிரிப்பு உத்தரவை ரத்து செய்தேன். மறுநாள் செல்வராணி ஒருவரை, “பேனா கொண்டாரத் தெரியாதா ஒங்களுக்கு?” என்று வழக்கம்போலக் கடிந்துகொண்ட பிறகுதான் ஊர் நிம்மதியாக மூச்சு விட்டது.

அந்த வாரம்தான் கருப்பையா அண்ணனைப் பிடித்தேன். மல்லிகை, பலா இரண்டும் வைத்திருப்பவர். கிளை திறந்த நாளிலிருந்து எங்கள் வாடிக்கையாளர்.

“அண்ணே, நம்ம பேங்குல ஒங்களுக்கு ஏதும் மனக்குறையா?”

“அப்படியெல்லாம் ஒண்ணுமில்லீங்களே சார். ஏன்?”

“பெறகு ஏன் அட்டையில பரவாயில்லைன்னு போட்டீங்க?”

“நல்லா இருக்குன்னுதான சார் போட்டேன்!”

“நல்லா இருந்தா ‘மிக நன்று’ன்னுல்ல போடணும்?”

நான் ஏதோ தகாத காரியம் செய்யச் சொன்னதுபோல அவர் பின்வாங்கினார். “ஏன் சார், இருக்கிறது பொறுக்கலயா ஒங்களுக்கு? போன வருசம் எம் மச்சான் தோப்பப் பாத்துட்டு ஒரு ஆளு, ‘அடேங்கப்பா, என்னா காய்ப்பு!’ன்னு வாயத் தொறந்தான். மறு வாரமே காத்தடிச்சுப் பாதி கீழ. நல்லா இருக்கிறத எவனாச்சும் எழுதி வேற குடுப்பானா? கண்ணு பட்டுறாது? எம் மருமகன் எப்படின்னு கேட்டாக்கூட பரவாயில்லங்கன்னுதான் சொல்லுவேன். தங்கமான பய.”

“அப்ப மோசமா இருந்தா என்ன சொல்லுவீங்க?”

“எதுக்கு சார் சொல்லிக்கிட்டு? பேசாம வேற எங்கிட்டாச்சும் போயிர வேண்டியதுதான்.”

திரும்பத் திரும்ப வரும் இந்த ஊரே எங்களுக்கு முழு மதிப்பெண் போட்டிருக்கிறது. அட்டையை அச்சடித்தவர்தான் அதற்கு மூன்று என்று விலை போட்டுவிட்டார். இனிமேல் என்ன கவலை என்று உடனே மண்டல அதிகாரிக்குப் போன் போட்டு விளக்கினேன்.

“யோவ், கண்ணு பட்டுரும்னு நான் தலைமை அலுவலகத்துக்கு நோட் போடவா? ஒம் பேரச் சொல்லி எம் பேரயும் கெடுத்துக்கவா? அட்டை நகலெல்லாம் ஒனக்கு அனுப்பியிருக்கேன்ல, அதுல ஒரு ஆளாவது மிக நன்று போட்டிருக்கா பாரு. அவங்களக் கூப்பிட்டு சால்வை போடு. நானே வாரேன், வீடியோ எடுப்போம். நாலு பேரு பாத்தா நாலு பேரு போடுவாங்க.”

நகல் கட்டைப் பிரித்தேன். மூன்று மணி நேரம் பரவாயில்லைகளைப் புரட்டிய பிறகு ஒன்று கிடைத்தது. மிக நன்று! அந்த டிக் பேனா முனை காகிதத்தைக் கிழிக்கும் அளவுக்கு அழுத்தி விழுந்திருந்தது. உற்சாகம் என்று நினைத்தேன். பெயர் எழிலரசி. கீழே இரண்டு கோட்டில் எழுதியிருந்தார்: ‘ரொம்ப நல்லா இருக்கு உங்க சேவை. ஆறு நடை வந்தாச்சு.’

ஆறு நடை! நம்மைத் தேடி ஆறு முறை நடந்து வந்த அன்பு! கண் கலங்கிவிட்டது. அதை லேமினேட் செய்து வட்டி விகிதப் பலகைக்குப் பக்கத்தில் மாட்டினேன். செல்வராணி கிட்டே வந்து நின்று படித்தார், இரண்டு தடவை.

“சார், இந்தப் புள்ளைய எதுக்கும் ஒருதரம் விசாரிச்சுக்கிட்டுக் கூப்பிடலாமே.”

“மேடம், நல்லது நடக்கும்போது குறுக்க பேசாதீங்க.”

தம்பி தங்கைகளே, கிளையில் என்ன நடக்கிறது என்று உண்மையாகத் தெரிந்த ஒருவர் இப்படித் தயங்கித் தயங்கிப் பேசினால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள். நான் வைக்கவில்லை. கையில் சால்வை விலைப்பட்டியல் இருந்தது.

அட்டையில் இருந்த எண்ணுக்கு நானே போன் செய்தேன். “பேங்க் மேனேஜர் பேசுறேம்மா. வியாழக்கிழமை பத்தரைக்கு நீங்க அவசியம் வரணும்.”

“ஏழாவது நடையா சார்?” என்றார்.

“ஆமாம்மா! வாங்க வாங்க!” என்றேன் நான், பூரிப்போடு.

வியாழக்கிழமை மண்டல அதிகாரி காரில் வந்து இறங்கினார். இருபது முப்பது பேர் கூடியிருந்தார்கள். கருப்பையா அண்ணன் அதிகாரிக்கென்று ஒரு பலாப்பழத்தைத் தோளில் சுமந்து வந்திருந்தார். எழிலரசிக்கு முப்பது வயதிருக்கும். கையில் ஒரு ஜவுளிக்கடைப் பை, அது நிறையக் காகிதம். நாற்காலியில் உட்கார வைத்தோம். ஓரமாகத்தான் உட்கார்ந்தார். அதிகாரி கைப்பேசியை உயர்த்திப் பிடித்தார்.

“சொல்லுங்கம்மா. நம்ம கிளை எப்படி இருக்கு? இங்க பாத்துச் சொல்லுங்க.”

“ரொம்ப நல்லா இருக்கு சார்,” என்றார் எழிலரசி. கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை.

“மொத நடை வந்தேன், கம்ப்யூட்டர் வேலை செய்யலன்னாங்க. ரெண்டாவது நடை, பாரம் தப்புன்னாங்க. மூணாவது நடை, பாக்குற ஆளு லீவுன்னாங்க. நாலாவது நடைதான் விசயமே தெரிஞ்சுச்சு. ஆதார்ல எம் பேருல இசட்டும் எச்சும் இருக்காம், பாஸ்புத்தகத்துல எல் இருக்காம். ‘ழ’ எழுத இங்கிலீசுல எழுத்து இல்லாட்டி அதுக்கு நானா சார் பொறுப்பு? அஞ்சாவது நடை, போட்டோ பழசுன்னாங்க. ஆறாவது நடை எல்லாம் சரியாக் கொண்டாந்தேன். மேனேஜர் கையெழுத்துப் போடணுமாம். மேனேஜர் இல்ல.”

“எங்க போயிருந்தாராம்?” என்று கேட்டார் அதிகாரி.

“புதுக்கோட்டையில ஏதோ மீட்டிங்குன்னாங்க.”

அந்தக் கூட்டத்தின் தலைப்பு ‘வாடிக்கையாளர் மனநிறைவு’. நடத்தியவர், கைப்பேசியை உயர்த்திப் பிடித்து நின்றவர்.

“ரெண்டு மாசமாக் கணக்கு முடங்கிக் கெடக்குது சார். எங்க வீட்டுக்காரரு வெளிநாட்டுலேருந்து அனுப்புறது ஏறவே மாட்டேங்குது. போன மாசம் புள்ளை ஸ்கூல் பீசுக்கு எங்க அண்ணன்கிட்டப் போயி நின்னேன். அந்தக் கோவத்துலதான் ரொம்ப நல்லா இருக்குன்னு எழுதிப் போட்டுட்டேன். அதுக்குத்தான் கூப்பிட்டு வையப் போறீங்கன்னு நெனச்சு வந்தேன்.”

நாடகக் கதாநாயகனாக இருந்தால் இந்த இடத்தில் ஏதாவது பேசியிருப்பான். என்னுடைய கைகள் எனக்கு முன்னால் புறப்பட்டுவிட்டன. சால்வையைப் பிரித்து அவருக்குப் போர்த்தப் போனேன்.

“துண்டு வேணாங்க சார். பேரத் திருத்திக் குடுங்க, போதும்.”

பிரித்த சால்வையை எங்கே வைப்பது என்று தெரியாமல் என் தோளிலேயே போட்டுக்கொண்டேன். அந்தக் கோலத்தில் அவருடைய பையை வாங்கிக்கொண்டு போய்க் கணினி முன் உட்கார்ந்தேன். அன்றைக்கு நான் செய்த ஒரே சரியான காரியம் அதுதான். அதையும் வேறு எதுவும் தோன்றாததால்தான் செய்தேன். காகிதமெல்லாம் ஒழுங்காக இருந்தது. இரண்டு பெயரும் ஒருவரே என்று ஓர் உறுதிமொழி, என் கையெழுத்து, செல்வராணியின் ஒப்புதல். இருபது நிமிடம். ஆறு நடை நடக்கவைத்த வேலை இருபது நிமிடம்.

என் முதுகுக்குப் பின்னால் கருப்பையா அண்ணன் என்னைக் காப்பாற்றக் களமிறங்கியிருந்தார். “சார், இந்தப் புள்ளைக்கு நடந்தது தப்புதான். அதுக்காக எழுதி கிழுதி விட்றாதீங்க. பேங்கு பரவாயில்லங்க சார்!”

“ஆமாங்க சார், பரவாயில்லங்க!” என்று கூட்டம் முழுக்க ஒத்து ஊதியது. ஒவ்வொரு பரவாயில்லைக்கும் அதிகாரியின் முகம் இறுகிக்கொண்டே போனதைக் கணினித் திரையின் பிரதிபலிப்பில் பார்த்தேன். ஊரே சேர்ந்து என்னை அன்போடு புதைத்துக்கொண்டிருந்தது.

பேச்சை மாற்ற அண்ணன் வாசலில் வைத்துப் பலாப்பழத்தை அறுத்தார். இலையில் நாலு சுளை. அதிகாரி வேண்டாவெறுப்பாக ஒன்றை எடுத்து வாயில் போட்டார். மென்றார். புருவம் மேலே போனது.

“எப்படிங்க சார் இருக்கு?”

“அட, பரவாயில்லையே!” என்றார் அதிகாரி.

செல்வராணிதான் முதலில் சிரித்தார். உத்தரவு போட்டபோது வந்த சிரிப்பு இல்லை, கவுன்டர் கண்ணாடி அதிரும் சிரிப்பு. கூட்டத்துக்கு அது தொற்றியது. நான் சால்வையோடு எழுந்து நின்று, “சார், அட்டையில குறிச்சுக்கட்டுமா? பழத்துக்கு அஞ்சுக்கு மூணு?” என்றேன்.

அவருக்குப் புரிந்துவிட்டது. அடுத்த சுளையை எடுத்துக்கொண்டே, “மொதல்ல அந்தம்மாவ அனுப்புய்யா,” என்றார். ஆனால் காரில் ஏறும்போது, “சிரிச்சதெல்லாம் சரி. விதி விதிதான். அடுத்த பெட்டியும் மூணரைக்குக் கீழ வந்துச்சுன்னா என் கையில எதுவும் இல்ல,” என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

லேமினேட் செய்த அட்டையைக் கழற்றி மேசைக்குள் வைத்தேன். அதில் ‘ஆறு நடை’ என்ற இரண்டு சொல் என்னை விடவில்லை. அட்டை கேட்ட கேள்விக்கு ஊரில் யாருக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. யாரும் கேட்காத கேள்விக்கு எழிலரசி சரியாகப் பதில் எழுதியிருக்கிறார். ‘மனம் நிறைந்ததா?’ என்று கேட்டால் நம் ஆட்கள் நெளிவார்கள். ‘இந்த வேலைக்கு இது எத்தனாவது நடை?’ என்று கேளுங்கள், தேதியோடு சொல்வார்கள்.

ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கி வாசலில் வைத்தேன். வருகிறவர் பெயர், வேலை, எத்தனாவது நடை. இரண்டாவது நடை வரை கவுன்டர். மூன்றாவது நடை என்றால் நேராக என் மேசைக்கு வந்துவிட வேண்டும். முதல் வாரம் என் மேசையைச் சுற்றித் திருவிழாக் கூட்டம். நல்ல கிளை என்று மிதப்பாக இருந்தேன் என்று சொன்னேன் அல்லவா? பரவாயில்லை போட்டவர்களிலேயே பாதிப் பேர் மூன்றாவது, நான்காவது நடையில் இருந்தார்கள். கருப்பையா அண்ணனே ஒரு வேலைக்கு ஐந்தாவது நடை. “ஏண்ணே சொல்லல?” என்றால், “நம்ம பேங்குதானங்க சார், பரவாயில்ல,” என்றார். இப்படி ஊரே தாங்கிக்கொண்டிருந்தது என்னை. அதைத்தான் நான் சேவை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு மாதத்தில் நோட்டில் மூன்றாவது நடை அபூர்வமானது. இரண்டாவது பெட்டியை அனுப்ப வேண்டிய நாள் காலையில் எழிலரசி வந்தார். கவுன்டரில் வேலையை முடித்துக்கொண்டு ஓர் அட்டையில் டிக் போட்டார்.

“சார், பெட்டி நெறஞ்சுபோச்சு, உள்ள போக மாட்டேங்குது. நீங்களே போட்டுருங்க,” என்று என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

பார்க்கக் கூடாதுதான். பார்த்தேன். பரவாயில்லை என்ற கட்டத்தில் மெல்லிய டிக். கீழே, ‘ஏழாவது நடையில் முடிந்தது.’

அறையில் நான் மட்டும். சட்டைப்பையில் பேனா. பெட்டிச் சாவி மண்டல அலுவலகத்தில் இருந்தாலும் பெட்டியின் வாயிலிருந்து நாலைந்து அட்டைகள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன, எல்லாம் பரவாயில்லை. மேல் கட்டத்தில் ஆளுக்கு ஒரு டிக் போட்டு மற்றதை அடித்துவிட்டால் சராசரி கொஞ்சமாவது ஏறும். அது இந்தக் கிளைக்காகத்தான், எழிலரசிக்கு இரண்டு பஸ் மிச்சமாவதற்காகத்தான் என்று என் மனம் அழகாக வாதாடியது. பேனாவைத் திறந்தும்விட்டேன்.

ஆனால் அது அவர் எனக்குத் தந்த உச்ச மதிப்பெண். அதை அடித்துவிட்டு, அவர் கோபத்தில் எழுதிய வார்த்தையை மறுபடி அவர் பெயரில் நானே எழுதுவதா? பேனாவை மூடினேன். அட்டையை மடித்துப் பெட்டிக்குள் திணித்தேன். பெட்டியோடு நடை நோட்டின் நகலையும் கட்டி அனுப்பினேன். அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கழிப்பறைக்கு ஓடினேன். வீரம் எனக்கு எப்போதும் அந்தப் பக்கமாகத்தான் போகும்.

பத்து நாள் கழித்துப் போன்.

“யோவ், மறுபடியும் மூணுதான்யா.”

“தெரியும் சார்.”

“ஒன் நோட்டப் பாத்தேன். ராத்திரி வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் ஒவ்வொரு பக்கமாப் பாத்தேன். அதை வச்சு, கிளை இருக்கட்டும்னு தலைமை அலுவலகத்துக்கு நோட் எழுதினேன். நாலு தடவ திருப்பி அனுப்புனாங்க. அஞ்சாவது நடைல கையெழுத்து வாங்கிட்டேன்.” இருமுவதுபோல ஒரு சத்தம். “ஒன் கிளை தப்பிச்சிருச்சுய்யா. எப்படி இருக்கு?”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் செல்வராணி யாரையோ பேனாவுக்காகத் திட்டிக்கொண்டிருந்தார்.

“பரவாயில்ல சார்,” என்றேன்.

“மூணுதான் போடுவேன்,” என்று சொல்லிவிட்டு வைத்தார்.